பிள்ளைகளின் பதற்றக் கோளாறு: சிகிச்சையைப் பற்றித் தேடும்போது எதை நம்புவது?

காங்கேயம்_டீச்சர்
வணக்கமுங்க. எங்க பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல பெற்றோர்களுக்கு 4 பக்கக் கையேடு ஒண்ணு கொடுக்கலாம்னு இருக்கோம். பிள்ளைகளுக்கு வர்ற பதற்றக் கோளாறு, அதுக்கு என்ன சிகிச்சை, இவ்வளவுதான் தலைப்பு. ஆனா தேடப் போனா தலை சுத்துது. ஒருத்தர் மாத்திரையே விஷம்னு சொல்றாரு. இன்னொருத்தர் மூளை மின்னலைகளைப் பதிவு பண்ற 'பிரெயின் மேப்பிங்' பண்ணினாத்தான் தெரியும்னு பல ஆயிரம் கேக்குறாரு. 'நடுமூளைத் தூண்டல்' நோட்டீஸ் எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியிருக்கு. எதுக்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கு, அந்த ஆதாரத்தை எப்படிப் படிக்கணும், திங்கக்கிழமை காலையில பையன் வயித்தைப் பிடிச்சுட்டு உக்காந்தா வீட்டுல என்ன பண்ணணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சத்தி_புள்ளியியல்
டீச்சர், முதல்ல ஒரே ஒரு கேள்வியைக் கையில வெச்சுக்கோங்க: "எதோட ஒப்பிட்டுப் பார்த்து இது நல்லதுன்னு சொல்றாங்க?" இந்தத் துறையில பாதிக் குழப்பம் இதுலதான் வருது.

உதாரணத்துக்கு, சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை எடுத்துக்குவோம். காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடை போடுற சர்வதேச அமைப்பு ஒண்ணு இருக்கு. 2020-ல் வந்த அதோட தொகுப்பாய்வு 87 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை எடுத்த பிள்ளைகள்ல 49.4% பேருக்கு முதன்மையான பதற்றக் கோளாறு நீங்கியிருந்தது. காத்திருப்புப் பட்டியல்ல இருந்தவங்கள்ல அது 17.8%. பெரிய வித்தியாசம். ஆனா அதே தொகுப்பாய்வுல, வழக்கமான சிகிச்சையோடயோ வேறு சிகிச்சையோடயோ ஒப்பிட்டப்போ சிபிடி மேலானதுன்னு சொல்ல ஆதாரம் கிட்டத்தட்ட கிடைக்கலை. சிபிடி வேலை செய்யாதுன்னு இதுக்கு அர்த்தமில்லை. பட்டியல்ல பேரைப் போட்டுட்டுச் சும்மா காத்திருக்கிற குழந்தை ரொம்ப பலவீனமான எதிராளி, அதனால 'காத்திருப்போரை விட மேல்' என்கிற வரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாதுங்கிறதுதான் சேதி.

மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் வெச்சு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுன்னா 2008-ல் அமெரிக்காவுல வந்த கேம்ஸ் ஆய்வு. 7 முதல் 17 வயசு வரை 488 பிள்ளைகள், 12 வாரம், நாலு குழு. சிபிடியும் செர்ட்ரலின் என்கிற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தவங்கள்ல 80.7% பேருக்கு நல்ல முன்னேற்றம். சிபிடி மட்டும்னா 59.7%, செர்ட்ரலின் மட்டும்னா 54.9%, போலி மாத்திரை 23.7%. கையேட்டுல ஒரே ஒரு அட்டவணைதான் போட முடியும்னா இதைப் போடுங்க. கூடவே, போலி மாத்திரையிலயே கிட்டத்தட்ட நாலுல ஒரு பிள்ளைக்கு முன்னேற்றம் தெரிஞ்சுதுங்கிறதைக் கட்டாயம் எழுதுங்க. 'எங்க கிட்ட வந்த பத்துப் பேர்ல மூணு பேருக்குச் சரியாச்சு'ன்னு விளம்பரம் பண்றவங்களை அந்த ஒரு எண்ணை வெச்சே எடை போட்டுடலாம்.

பிரெயின் மேப்பிங்கை வெச்சு பதற்றக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. நடுமூளைத் தூண்டலுக்கு அறிவியல் ஆதாரமே கிடையாது. இந்த ரெண்டு வரியைத் தயங்காம அச்சடிங்க.

நொய்யல்_உளவியல்
சத்தி சார் எண்களைச் சொல்லிட்டாரு. அந்த 59.7 சதவீதத்துக்குள்ள என்ன நடக்குதுங்கிறதை நான் சொல்றேன். 'கவுன்சிலிங் போனோம், மூணு தடவை பேசினாங்க, ஒண்ணும் ஆகலை'ன்னு பெற்றோர் சொல்றப்போ பெரும்பாலும் அங்க சிபிடி நடந்திருக்காது. அறிவுரைதான் நடந்திருக்கும்.

சிபிடியோட முதுகெலும்பு, பயப்படுற விஷயத்தைப் படிப்படியா நேருக்கு நேர் சந்திக்க வெக்கிறது. எக்ஸ்போஷர்னு சொல்வோம். கேம்ஸ் ஆய்வுல பயன்படுத்தின 'கோப்பிங் கேட்' முறையிலயும் முதல் பாதி திறமைகளைக் கத்துக்கொடுக்கிறது, பின் பாதி முழுக்க எக்ஸ்போஷர்தான். அந்தப் பின் பாதி வராத சிகிச்சைக்கு இந்த எண்கள் பொருந்தாது.

ஒரு உதாரணம். 11 வயசுப் பொண்ணு, வீட்டுல வாய் ஓயாது, வகுப்புல வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் டீச்சர்'னுகூடச் சொல்ல மாட்டா. சமூகப் பதற்றம். ஏணி இப்படிப் போடலாம். வீட்டுல அம்மா முன்னால, வகுப்புல கூப்பிடுற மாதிரியே பேரைக் கூப்பிட்டுப் பதில் சொல்றது. அடுத்து, அதைப் போன்ல பதிவு பண்ணி டீச்சரை மட்டும் கேக்க வெக்கிறது. அப்புறம் பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில டீச்சரும் அவளும் மட்டும். அதே இடத்துல ஒரு தோழி கூட. மதிய இடைவேளையில நாலஞ்சு பேர் இருக்கிறப்போ. அதுக்கப்புறம்தான் நிஜமான வருகைப் பதிவு, குரல் எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. பின்னால பாடத்துல ஒரு வரி வாசிக்கிறது. கடைசிப் படி, தெரிஞ்சே ஒரு தப்பான பதில் சொல்றது. பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுடுறாங்க. 'தப்பாச் சொன்னா அவ்வளவுதான்' என்கிற நம்பிக்கைதான் அவளைப் பூட்டி வெச்சிருக்கு. அதைச் சோதிச்சுப் பார்க்காம ஏணி முடியாது.

ஒவ்வொரு படிக்கும் முன்னால பயம் 0-ல இருந்து 10-க்குள்ள எவ்வளவுன்னு கேளுங்க. முக்கியமா, 'என்ன நடக்கும்னு நினைக்கிற?'ன்னு கேட்டு அவ சொல்ற வார்த்தையையே எழுதிக்கோங்க. 'எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாங்க.' முடிஞ்சதும் நிஜத்துல என்ன நடந்துச்சுன்னு பக்கத்துலயே எழுதணும். எத்தனை பேர் திரும்பினாங்க, யார் சிரிச்சாங்க. பயம் உடனே குறையணும்னு கட்டாயமில்லை. எதிர்பார்த்தது நடக்கலைங்கிறதை மூளை பார்க்கணும், அதுதான் கணக்கு. 4 மதிப்பெண் பயத்துல இருக்கிற படியில தொடங்கினாப் பெரும்பாலும் நடக்கும். 8-ல தொடங்கினா முதல் நாளே படுத்துடும்.

எங்க கெட்டுப்போகுது? வாரம் ஒரு தடவை மட்டும் செஞ்சா நகராது, வாரத்துல நாலஞ்சு நாளாவது வேணும். பிள்ளை அழுததும் பாதியில வெளியே கூட்டிட்டு வந்துட்டா, 'தப்பிச்சதாலதான் பிழைச்சேன்'னு மூளை கத்துக்கும், அடுத்த தடவை பயம் கூடும். அப்புறம் டீச்சர், இது உங்களுக்கு: அவ முதல் தடவை வாயைத் திறந்த அன்னைக்கு 'எல்லாரும் கைதட்டுங்க'ன்னு சொல்லிடாதீங்க. நல்ல மனசோடதான் செய்றாங்க, ஆனா மொத்த வகுப்பும் தன்னைப் பார்க்கிறதுதான் அவளோட பயமே. ஒரு தலையசைப்பு போதும்.

ராசிபுரம்_ஆலோசகர்
ஏணி போடுறதுக்கு முன்னால ஒரு படி இருக்குங்க, அது விட்டுப்போச்சு. பயத்துக்கு நிஜமான காரணம் இருக்கான்னு பார்க்கணும். விடுதிப் பள்ளிகள் நிறைய இருக்கிற நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் இதை முதல்ல கேக்கணும். பெரிய பையன் அடிக்கிறானா? யாராவது தொடக்கூடாத இடத்துல தொடுறாங்களா? மார்க் குறைஞ்சதுக்கு எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சாங்களா? எழுத்துக் கூட்டி வாசிக்கவே வராத பிள்ளையை 'வாசிக்கப் பயப்படுறான்'னு நினைச்சுட்டோமா? நிஜமான ஆபத்து இருக்கிற இடத்துக்குப் பிள்ளையைப் படிப்படியா அனுப்புறது சிகிச்சை ஆகாது, கொடுமை. பாலியல் தொந்தரவுன்னு தெரிஞ்சா 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆகணும். குழந்தைகள் உதவி எண் 1098.

தனியாப் பேசினாத்தான் பிள்ளை சொல்லும். அப்பா அம்மா பக்கத்துல உக்காந்திருக்கிறப்போ 'ஒண்ணுமில்லைங்க'ன்னுதான் பதில் வரும். 'ஏன் பயப்படுற?'ன்னு கேக்காதீங்க. 'எந்த நேரம், எந்த இடம், யார் இருக்கிறப்போ அதிகமாகுது?'ன்னு கேளுங்க. குளியலறை வரிசைன்னு ஒரு பிள்ளை சொல்லும், ராத்திரி ஸ்டடி ஹால்னு இன்னொண்ணு சொல்லும். அங்கதான் விஷயம் இருக்கும்.

மருத்துவர்_பொள்ளாச்சி
ராசிபுரம் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். உடல் பக்கமும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சல்பியூட்டமால், சில இருமல் சிரப்புகளில் இருக்கும் டெர்பியூட்டலின் இரண்டும் கைநடுக்கத்தையும் இதயத் துடிப்பையும் கூட்டும். பொதுத்தேர்வு நேரத்தில் ராத்திரி கண்விழிக்கக் குடிக்கும் காபி, எனர்ஜி டிரிங்க் கணக்கையும் கேளுங்கள்.

அளவுகோல் ஒன்று வேண்டுமென்றால் ஸ்கேர்ட் கேள்வித்தாள் இருக்கிறது. 41 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. மொத்தம் 25-ஐத் தொட்டால் பதற்றக் கோளாறு இருக்கக்கூடும், மேலே பார்க்க வேண்டும் என்று பொருள். அது நோயறிதல் அல்ல. பள்ளியில் எல்லாருக்கும் கொடுத்து மதிப்பெண்ணைப் பலகையில் ஒட்டுகிற காரியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி மாத்திரை. மிதமான கோளாறுக்கு முதலில் சிபிடி. பள்ளி முழுவதுமாக நின்றுபோனது, தூக்கமும் சாப்பாடும் கெட்டது, சிபிடியில் உட்காரவே முடியாத அளவுக்குப் பயம், அல்லது ஒழுங்காக நடந்த சிபிடிக்குப் பிறகும் அசையவில்லை என்றால் செர்ட்ரலின், ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரையை (மனச்சோர்வுக்கும் கொடுப்பதுதான்) சேர்க்கிறோம். செர்ட்ரலினை சிறு பிள்ளைகளுக்கு 12.5 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வார இடைவெளியில் மெல்ல ஏற்றுவோம். ஃப்ளுவாக்ஸெட்டின் என்றால் 5 அல்லது 10. இந்த எண்களைச் சொல்வது பெற்றோர் கேள்வி கேட்பதற்காக மட்டும்தான். அளவை முடிவு செய்ய வேண்டியது பிள்ளையை நேரில் பார்க்கும் மருத்துவர்.

பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் காலக்கணக்கு. பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வரும்: வயிற்றுப் புரட்டல், தலைவலி, தூக்கக் கேடு. பலனுக்கு 4 முதல் 6 வாரம், சிலருக்கு 12 வாரம்கூட ஆகும். அதனால் பத்தாம் நாளில் 'வயிறு வலிக்குது, ஒரு பலனும் இல்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று, சில பிள்ளைகள் முதல் சில வாரங்களில் அல்லது அளவைக் கூட்டும்போது துறுதுறுவென்று, எரிச்சலாக, தூங்காமல் ஆகிவிடுவார்கள். குறைந்த அளவில் தொடங்கி நிதானமாக ஏற்றச் சொல்வது இதற்காகத்தான். இதைப் பார்த்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையை மறைக்காமல் எழுதுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றுக்கும் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துத் தாளில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டது. ஆய்வுகளில் மருந்து எடுத்த இளையோரில் சுமார் 4% பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 2% பேருக்கும் அத்தகைய எண்ணமோ நடத்தையோ பதிவானது. அந்த ஆய்வுகளில் தற்கொலை மரணம் எதுவும் இல்லை. ஆக, முதல் மாதங்களில் அடிக்கடி பார்க்க வேண்டும், மாத்திரை அட்டை பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

அல்பிராசோலம், குளோனசெபாம் வகை அமைதியூட்டும் மாத்திரைகளைப் பிள்ளைகளின் பதற்றத்துக்கு மாதக்கணக்கில் கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை. பழக்கம் பிடிக்கும், படிப்பில் மந்தம் வரும், எக்ஸ்போஷரில் கற்க வேண்டியதையும் மழுங்கடிக்கலாம்.

பவானி_மருந்தாளுநர்
கடைப் பக்கத்துல இருந்து சில விஷயம். அல்பிராசோலம் ஹெச்1 அட்டவணை மருந்து. சீட்டு இல்லாம கொடுக்கக் கூடாது, கொடுத்ததைப் பதிவேட்டுல எழுதி 3 வருஷம் வெச்சிருக்கணும். 'போன தடவை அத்தைக்கு வாங்கினது மிச்சம் இருக்கு'ன்னு பிள்ளைக்குப் பாதி உடைச்சுக் கொடுக்கிற வழக்கத்தைக் கையேட்டுல கண்டிச்சு எழுதுங்க.

எஸ்எஸ்ஆர்ஐ எடுக்கிற பிள்ளைக்குச் சளி பிடிச்சா, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கிற இருமல் சிரப்பைத் தானா வாங்கிக் கொடுக்கக் கூடாது. செரட்டோனின்கிற மூளை ரசாயனம் மிகையாகுற ஆபத்து இருக்கு. ஐபுபுரூஃபென் சேர்ந்தா இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். எந்த டாக்டர்கிட்ட எதுக்குப் போனாலும் இந்த மாத்திரைச் சீட்டையும் கொண்டு போங்க. அமுக்கரா சூரணம் 'இயற்கைதானே'ன்னு கேக்குறாங்க. அதுலயும் அபூர்வமா ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கு, பிள்ளைகளுக்குத் தானா ஆரம்பிக்க வேண்டாம்.

காங்கேயம்_டீச்சர்
எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு கேள்வி பாக்கி. மூச்சுப் பயிற்சி, யோகா சொல்லிக்கொடுக்கலாமா? இன்னொண்ணு, எங்க பக்கம் பிள்ளை பயந்துடுச்சுன்னா முதல்ல கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டுத்தான் வருவாங்க. அதைப் பத்தி என்ன எழுதுறது? அதை மறுத்து எழுதினா கையேட்டையே தூக்கிப் போட்டுடுவாங்க.

நொய்யல்_உளவியல்
கயிறைக் கழட்டச் சொல்லாதீங்க டீச்சர். குடும்பத்தோட நம்பிக்கை அது, பிள்ளைக்குத் துணையா இருக்கு. கவனிக்க வேண்டியது ஒண்ணுதான்: 'கயிறு இல்லாம பள்ளிக்குப் போக மாட்டேன்'னு பிள்ளை சொல்ற நிலை வந்துட்டா, தைரியம் கயிறுக்குப் போயிடுது, பிள்ளைகிட்ட தங்கறதில்லை. தண்ணி பாட்டிலைப் பிடிச்சுட்டே இருக்கிறது, அம்மாவுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்றது, கதவு பக்கத்துலயே உக்காருறது, எல்லாம் இதே கணக்குதான். பாதுகாப்பு நடத்தைன்னு பேரு. ஒரேயடியாப் பிடுங்கக் கூடாது, ஏணியில ஒரு படியா வெச்சுக் குறைக்கணும்.

மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். தூங்கப் போறப்போ, சும்மா இருக்கிறப்போ நல்லது. எக்ஸ்போஷர் நடுவுல 'மூச்சை இழுத்து விட்டாத்தான் தப்பிப்பேன்'னு ஆச்சுன்னா அதுவும் ஊன்றுகோல் ஆயிடும்.

மருத்துவர்_பொள்ளாச்சி
இங்கே எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. முதல் படியிலேயே கால் வைக்க முடியாத 7, 8 வயதுப் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி ஏணியில் ஏறவே உதவுகிறது என்றால் தொடக்கத்தில் அனுமதிக்கலாம். மேல்படிகளில் எடுத்துவிடலாம். பயிற்சியே வேண்டாம் என்று பெற்றோர் புரிந்துகொண்டு, முதல் வாரத்திலேயே சிகிச்சையை விட்டுவிடக் கூடாது.

நொய்யல்_உளவியல்
சரிங்க டாக்டர், சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துக்கிறேன். ஒரு விதிவிலக்கையும் சேர்த்துடுறேன். ஊசி, இரத்தம் பார்த்து மயங்கி விழுற பிள்ளைகள். 10 வயசுலயும் 16 வயசுலயும் டிடி தடுப்பூசி போடுற நாள்ல வரிசையிலயே சாய்வாங்க. மத்த பயத்துல இரத்த அழுத்தம் ஏறும். இதுல சட்டுனு இறங்கிடும். அதனால உடம்பைத் தளர விடச் சொன்னா நிலைமை மோசமாகும். தசை இறுக்கும் முறைதான் சரி: கை, கால், வயிறு தசைகளை முகம் சூடாகுற வரைக்கும் 10–15 நொடி இறுக்கணும், அப்புறம் 20–30 நொடி சாதாரண நிலைக்கு விடணும். இப்படி 5 சுற்று, தினமும் வீட்டுல பழகிட்டு வரணும். ஊசி போடுற கையை மட்டும் தளர்வா வெச்சுக்கலாம்.

ராசிபுரம்_ஆலோசகர்
டீச்சர் கேட்ட திங்கக்கிழமைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. வயித்து வலி பொய்யில்லை, நிஜமாவே வலிக்கும். 'நடிக்காதே'ன்னு சொல்லக் கூடாது. அதே நேரம் லீவு போட வெச்சு, டிவியும் போட்டுக் கொடுத்தா அடுத்த திங்கக்கிழமை வலி இன்னும் சீக்கிரமா வரும். சொல்ல வேண்டியது ரெண்டு பாகம்: 'வயிறு வலிக்குதுன்னு தெரியுது கண்ணு, கஷ்டமாத்தான் இருக்கும். உன்னால போக முடியும்னும் எனக்குத் தெரியும்.' அதுக்கு மேல விளக்கம், கெஞ்சல், மிரட்டல் வேண்டாம். காய்ச்சல், வாந்தி, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிற வலி, எடை குறையுறது, இதுல ஏதாவது இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட போகட்டும். முழு நாள் முடியலைன்னா முதல் ரெண்டு பீரியடு. ஆனா பள்ளி வளாகத்துக்குள்ள கால் வெச்சே ஆகணும்.

வீட்டுல பெரியவங்க ஒத்துப்போகலைன்னா ஏணியே நிக்காது. அப்பா அனுப்பப் பார்ப்பாரு, அப்பாரு (தாத்தா) 'பச்சப் புள்ளைய விடுடா'ன்னு திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவாரு. கூட்டத்துக்குத் தாத்தா பாட்டியையும் கூப்பிடுங்க. பிள்ளையே வராம, பெற்றோர் மட்டும் 12 வாரம் வந்து தங்களோட நடத்தையை மாத்திக்கிற 'ஸ்பேஸ்'னு ஒரு முறை யேல் பல்கலைக்கழகத்துல உருவானது. 124 பிள்ளைகளை வெச்சுச் செஞ்ச ஆய்வு 2020-ல் வந்தது. பலன் சிபிடிக்குக் குறைவில்லை. 'பையன் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டேங்கிறான்'னு கையைப் பிசையுற வீட்டுக்கு இதைச் சொல்லுங்க.

சத்தி_புள்ளியியல்
தேடுற முறையும் கேட்டிருந்தீங்க. காக்ரேன் தளத்துல தொகுப்பாய்வுச் சுருக்கம் எளிய மொழியில இலவசமாக் கிடைக்கும். இந்திய மனநல மருத்துவச் சங்கம் பிள்ளைகளோட பதற்றக் கோளாறுக்கு 2019-ல் வழிகாட்டி வெளியிட்டிருக்கு, அதுவும் இலவசம். இந்திய ஆய்வுன்னு யாராவது காட்டினா சிடிஆர்ஐ என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுல தேடுங்க. 2009-ல இருந்து மருத்துவ ஆய்வுகளை அதுல பதிவு செய்யுறது கட்டாயம். ஆய்வு தொடங்குறப்போ எதை அளப்போம்னு எழுதினாங்களோ, அதையேதான் முடிவுலயும் சொல்றாங்களான்னு பாருங்க. பதட்டத்தை அளப்போம்னு பதிஞ்சுட்டு, கடைசியில 'தூக்கம் மேம்பட்டது'ன்னு தலைப்பு போட்டா எச்சரிக்கையா இருங்க.

காங்கேயம்_டீச்சர்
நல்லதுங்க. எங்க போகச் சொல்றதுன்னும் ஒரு வரி வேணும். அப்புறம், மாத்திரையை எப்ப நிறுத்துறதுன்னு பெற்றோர் கட்டாயம் கேப்பாங்க.

மருத்துவர்_பொள்ளாச்சி
மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டப் பிரிவு உண்டு. கோவை, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தனியாரிடம் போனால் மருத்துவ உளவியலாளரின் பெயர் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 'எக்ஸ்போஷர் செய்வீர்களா, எத்தனையாவது அமர்வில் தொடங்கும்?' என்று நேரடியாகக் கேளுங்கள்.

பிள்ளை நன்றாக ஆன பிறகு 6 முதல் 12 மாதம் மாத்திரையைத் தொடர்வோம். அப்புறம் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்போம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று குடும்பமே பயந்துவிடும். மே மாத விடுமுறையில் நிறுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் யோசனை, வேண்டாம். விடுமுறையில் பயத்தைக் கிளப்பும் எதுவுமே நடப்பதில்லை, ஆகவே நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். உண்மை நிலவரம் ஜூனில் பள்ளி திறக்கும்போதுதான் தெரியும், அதுவும் புது வகுப்பு, புது டீச்சர். ஜூலை வரை பொறுத்து, பிள்ளை புது வகுப்பில் ஊன்றிய பிறகு குறைக்கத் தொடங்கினால் அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் மார்ச் பொதுத்தேர்வு முடியும் வரை தொட வேண்டாம்.

கேம்ஸ் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, சுமார் 22% பேர்தான் எல்லா ஆண்டும் கோளாறு இல்லாமல் இருந்தார்கள். 48% பேருக்கு வந்தும் போயும் இருந்தது. எனவே மாத்திரை நின்ற பிறகும் ஏணித்தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பயம் திரும்பத் தலைகாட்டினால் முதல் வாரமே, விட்ட படிக்கு ஒரு படி கீழேயிருந்து திரும்பத் தொடங்கட்டும்.